காணாமலே வெறுத்தல்: சிறுவர் வரலாற்றுப் புனைகதைகளில் யூதர் – முத்துக்குளித்துறையிலிருந்து ஒரு நோக்கு

முன்னுரை

வரலாறும் கற்பனையும் கலந்து வருவது வரலாற்றுப் புனைகதை. பெரியோர்க்கென எழுதப்பெறும் வரலாற்று நாவலைப் படிப்பவர், இதில் மெய் எவ்வளவு, புனைவு எவ்வளவு என்று ஓரளவேனும் பிரித்தறியும் ஆற்றல் உடையவர். சிறுவர்க்கோ அவ்வாற்றல் வளர்ந்துகொண்டிருக்கும் பருவம். அவர்கள் கதையில் கண்டதையே வரலாறு என்று கொள்வர். பத்து வயதில் மனத்தில் பதிந்த கொடியவனின் முகம் நாற்பது வயதிலும் அழிவதில்லை. ஆதலின், ஒரு மக்களினத்தின் மீதான வெறுப்பு எவ்வாறு விதைக்கப்படுகிறது என்பதை அறிய விரும்புவோர் முதலில் ஆராயத்தக்கது சிறுவர் கதையே எனலாம்.

இக்கட்டுரை யூதர் மீதான வெறுப்பு சிறுவர் வரலாற்றுப் புனைகதைகளில் எவ்வெவ்வாறு இடம்பெறுகிறது என்பதை நோக்குகிறது. திருச்செந்தூருக்கும் உவரிக்கும் இடைப்பட்ட இக்கடற்கரையில் யூதர் குடியிருப்பு எதுவும் இன்று இல்லை. மணப்பாட்டிலிருந்தோ பெரியதாழையிலிருந்தோ குலசேகரன்பட்டினத்திலிருந்தோ காயல்பட்டினத்திலிருந்தோ கல்லூரிக்கு வரும் மாணவர் எவரும் தம் வாழ்நாளில் ஒரு யூதரை நேரில் கண்டிருத்தல் அரிது. அவ்வாறிருக்க இப்பொருள் நமக்கு எற்றுக்கு என்னும் வினா எழுதல் இயல்பே. காணாத மக்களைப் பற்றி நம் பிள்ளைகள் மனத்தில் ஏற்கெனவே ஓர் உருவம் இருக்கிறது என்பதே அதற்கு விடை. அவ்வுருவம் எங்கிருந்து வந்தது, அதை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்யப்போகிறோம் என்பவற்றைக் காண்போம்.

வெறுப்பின் வேர்

கதைகளில் வரும் யூதர் பெரும்பாலும் வட்டிக்குப் பணம் கொடுப்பவர். இவ்வுருவத்திற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. இடைக்கால ஐரோப்பாவின் பல நாடுகளில் யூதர் நிலம் வைத்திருக்கத் தடை இருந்தது. கைவினைஞர் சங்கங்களில் அவர்க்கு இடமில்லை. கிறித்தவர் வட்டி வாங்குதலைத் திருச்சபை விலக்கியிருந்தது. எனவே பணம் கொடுக்கும் தொழில் யூதர் கைக்குச் சென்றது. மன்னர்கள் அவர்களிடமிருந்து பெருவரி பெற்றனர். கடன்பட்டோரின் சினமோ மன்னர் மீது செல்லாமல் கடன் கொடுத்தவர் மீதே சென்றது.

இங்கிலாந்தின் யார்க் நகரில் 1190ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நடந்தது இதற்குச் சான்று. கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்த யூதர் ஏறத்தாழ 150 பேர் அங்கேயே மாண்டனர். அதன்பின் கூட்டம் நேராகச் சென்ற இடம் பேராலயம். அங்கே பாதுகாக்கப்பட்டிருந்த கடன் பத்திரங்களை எடுத்து எரித்தது. சமயச் சினம் என்று பேசப்பட்டதன் அடியில் கடன் சுமையும் இருந்தது என்பதை அந்நெருப்பே காட்டிவிடுகிறது. நூறாண்டு கழித்து, 1290இல், முதலாம் எட்வர்டு மன்னர் யூதர் அனைவரையும் இங்கிலாந்திலிருந்து வெளியேற்றினார். மீண்டும் அவர்கள் அங்கே குடியேறி வாழ வழி பிறந்தது 1656இல்தான்.

இவ்விரு ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் வாழ்ந்தவர் சேக்சுபியர். அவர் வெனிஸ் வணிகன் நாடகத்தை எழுதிய 1596, 1597ஆம் ஆண்டுகளில், யூதர் எனத் தம்மை வெளிப்படையாகச் சொல்லிக்கொள்ளும் குடிகள் இங்கிலாந்தில் இல்லாமற்போய் முந்நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அரங்கில் ஷைலாக்கைக் கண்டு நகைத்த மக்களுள் பெரும்பாலோர் யூதரைக் கண்டறியாதவர். வெறுப்பு நிலைபெறுவதற்கு வெறுக்கப்படுவோர் அருகில் இருக்க வேண்டுவதில்லை என்பது ஈண்டு எண்ணத்தக்கது. நம் கரையின் நிலையும் இதனின் வேறன்று.

அறியாது சுமந்துவரும் கதைகள்

தமிழ் மாணவர் பலர் யூதர் என்னும் சொல்லை முதன்முதல் கேட்பது ஷைலாக்கின் வழியாகத்தான். பம்மல் சம்பந்த முதலியார் இந்நாடகத்தை 'வாணீபுர வணிகன்' எனத் தமிழ் மேடைக்குத் தழுவினார். பள்ளிகளில் பெரிதும் பயின்று வந்ததோ சார்லசு லாம், மேரி லாம் என்னும் உடன்பிறந்தார் சிறுவர்க்கென 1807இல் வெளியிட்ட கதைச் சுருக்கமும் அதன் வழிவந்த துணைப்பாட நூல்களும் ஆகும்.

இச்சுருக்கத்தில் நாம் உற்றுநோக்க வேண்டியது ஒன்றுண்டு. மூல நாடகத்தில் ஷைலாக் கொடியவனாக வருகிறான். ஆயினும் தனக்கும் கண் உண்டு, கை உண்டு, குத்தினால் குருதி வரும், நஞ்சிட்டால் சாவு வரும் என்று அவன் குமுறும் இடமும் அந்நாடகத்தில் உண்டு. தான் கற்ற கொடுமை தனக்கு இழைக்கப்பட்ட கொடுமையிலிருந்து கற்றதே என்று அவன் வாதிடுகிறான். உலகம் போற்றும் அப்பேச்சு லாம் எழுதிய சிறுவர் கதையில் இல்லை. கதையை மட்டும் சுருக்கித் தர முனைந்தபோது கத்தியும் தராசும் எஞ்சின; மனிதன் விடுபட்டுப் போனான். பெரியோர்க்கு ஒரு சிக்கலான மனிதனும், சிறுவர்க்கு ஒரு பேயுருவும் கிடைத்தன. நம் நாளிதழ்களில் கடுவட்டி வாங்குவோரை 'ஷைலாக்' என்று எழுதும் வழக்கம் இச்சுருக்கத்தின் பேறே. கடுவட்டி கொடியது, நம் ஊர்களில் அதனால் அழிந்த குடும்பங்கள் பல. ஆனால் அக்கொடுமையைச் செய்வோர் எவ்வினத்தவராயினும் அதற்கு ஒரு யூதப் பெயரையே சூட்டுதல் எவ்வாறு பொருந்தும்?

அடுத்து நோக்கத்தக்கது சர் வால்டர் ஸ்காட்டின் 'ஐவன்ஹோ'. 1819ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த இந்நூல் வரலாற்றுப் புனைகதை வகைக்கே வழிகாட்டிகளுள் ஒன்று. சுருக்கங்களின் வழிச் சிறுவர் நூலாகவும் உலவியது. கதை நிகழும் ஆண்டு 1194. அஃதாவது யார்க் நகரப் படுகொலைக்கு நான்கே ஆண்டுகள் பின்னர். அதில் வரும் யார்க் நகரத்து ஐசக், பொருளாசையும் அச்சமும் மிக்க கிழவர். பழைய வார்ப்பிலேயே வார்க்கப்பட்டவர். ஆனால் அவர் மகள் ரெபேக்கா கதையிலேயே உயர்ந்த பாத்திரம். மருத்துவம் கற்றவள், காயம்பட்டவரைத் தேற்றுபவள், சூனியக்காரி என்று குற்றஞ்சாட்டப்பட்டு மன்றத்தில் நிறுத்தப்படும்போதும் தன் நெறியைக் கைவிடாதவள். முடிவில் அவளும் தந்தையும் இங்கிலாந்தை விட்டு வெளியேறுகின்றனர். அவர்கள் நாடிச் செல்வது முசுலிம் மன்னர் ஆளும் கிரானடா. ஸ்காட் குறிக்கும் மன்னர் போப்தில் உண்மையில் முந்நூறு ஆண்டுகள் பிற்பட்டவர், இது காலவழு. எனினும் யூதர் அடைக்கலம் தேடத்தக்க இடமாக ஒரு முசுலிம் நாட்டை ஸ்காட் காட்டினார் என்பது நம் வாசகர்க்குத் தெரிந்திருக்க வேண்டுவது.

வரலாற்றுக் கதையன்று எனினும் டிக்கென்சின் 'ஆலிவர் டுவிஸ்ட்' ஈண்டு விடற்பாலதன்று. 1837 முதல் 1839 வரை தொடராக வந்த அக்கதையில், சிறுவர்களைத் திருடப் பழக்கும் ஃபேகின் பெயரைவிட 'அந்த யூதன்' என்னும் சுட்டே மிகுதியாக வந்தது. எலைசா டேவிஸ் என்னும் யூதப் பெண்மணி 1863இல் டிக்கென்சுக்கு மடல் எழுதி, இது தம் இனத்திற்கு இழைத்த தீங்கு என்று எடுத்துரைத்தார். டிக்கென்சு முதலில் மறுத்தெழுதினார். பின்னர் எழுதிய நாவல் ஒன்றில் ரையா என்னும் நல்ல யூதரைப் படைத்தார். 1867ஆம் ஆண்டுப் பதிப்பில், ஆலிவரின் கதையிலும் அச்சுட்டைப் பல இடங்களில் நீக்கினார். ஒரு வாசகரின் அமைதியான மடல் பெரும் எழுத்தாளரைத் திருத்திய நிகழ்ச்சி இது.

வெறுப்பையே பொருளாகக் கொண்ட கதைகள்

இரண்டாம் உலகப் போரின்போது நாசிகளும் அவர்க்குத் துணைநின்றோரும் ஏறத்தாழ அறுபது இலட்சம் யூதரைக் கொன்றனர். அவருள் ஏறத்தாழப் பதினைந்து இலட்சம் பேர் சிறுவர். அதன்பின் சிறுவர்க்கு எழுதுவோர் வெறுப்பைச் சுமந்துவரும் கதையை விடுத்து, வெறுப்பையே ஆராயும் கதையை எழுதத் தலைப்பட்டனர். அவற்றுள் மூன்றை மட்டும் காண்போம்.

முதலாவது, செருமானிய எழுத்தாளர் ஹான்ஸ் பீட்டர் ரிக்டர் 1961இல் எழுதிய 'பிரீட்ரிக்' கதை. ஒரே வீட்டின் இரு தளங்களில் வாழும் இரு சிறுவரின் நட்பைக் கூறுவது. ஒருவன் யூதன், கதை சொல்பவன் யூதன் அல்லன். 1938 நவம்பரில் யூதர் உடைமைகள் சூறையாடப்பட்டபோது, கதை சொல்லும் சிறுவனும் கூட்டத்தோடு சேர்ந்து கண்ணாடிகளை உடைக்கிறான். இறுதியில் குண்டுவீச்சு நடக்கும் இரவில் பிரீட்ரிக்கைப் பதுங்கறைக்குள் விடாமல் வெளியே தள்ளிவிடுகிறார்கள்; அவன் வாயிற்படியில் மடிகிறான். தீயவர் எங்கோ தொலைவில் இல்லை, நாமே கூட்டத்தில் ஒருவராகக்கூடும் என்பதை இக்கதை குழந்தைக்கு உணர்த்துகிறது.

இரண்டாவது, அமெரிக்க எழுத்தாளர் லோயிஸ் லோரி 1989இல் எழுதிய, விண்மீன்களை எண்ணுதல் என்னும் பொருள்படும் தலைப்புடைய கதை. 1943ஆம் ஆண்டு அக்டோபரில் டென்மார்க் நாட்டு மீனவர்கள் தம் படகுகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட யூதரை இரவோடிரவாகச் சுவீடனுக்குக் கடத்திச் சென்று காப்பாற்றியது வரலாறு. அதனைப் பத்து வயதுச் சிறுமி ஒருத்தியின் கண்வழியாக இக்கதை சொல்கிறது. அவள் மாமன் ஒரு மீனவர். தம் படகின் அடியில் அவர்களை ஒளித்துவைக்கிறார். காற்றும் நீரோட்டமும் அறிந்த நம் பெரியதாழைப் பிள்ளைகளுக்கு இக்கதையைச் சொன்னால், இருட்டில் ஒரு படகைச் சத்தமின்றிக் கரையிலிருந்து தள்ளுவது எத்துணை அரிது என்பதை அவர்கள் ஆசிரியர்க்கே விளக்குவர். மீனவர் செய்த அறச்செயலாக இவ்வரலாற்றை அறியும் குழந்தை, யூதர் என்னும் சொல்லை ஷைலாக்கோடு சேர்த்து நினைவிற்கொள்ளாது.

மூன்றாவது, கேரன் குஷ்மன் 1994இல் எழுதிய, கேத்தரின் என்னும் சிறுமியின் நாட்குறிப்பு வடிவிலான கதை. காலம் 1290, இங்கிலாந்திலிருந்து யூதர் வெளியேற்றப்படும் ஆண்டு. நாடு கடந்து செல்லும் யூதர் சிலர் அவள் வீட்டில் ஓர் இரவு தங்குகின்றனர். அவர்களைப் பற்றி விந்தையான கதைகளைக் கேட்டு வளர்ந்த அச்சிறுமி மறைந்திருந்து பார்க்கிறாள். அவள் காண்பதோ களைத்துப்போன சாதாரண மனிதர்களை. கேள்விப்பட்டதும் கண்டதும் வேறு என்னும் இந்த அறிவே இத்தகைய கதைகள் தரும் பெரும்பயன்.

நல்ல நோக்கம் மட்டும் போதாது என்பதற்கும் ஒரு சான்று உண்டு. ஜான் பாய்ன் 2006இல் எழுதிய, கோடிட்ட பைஜாமா அணிந்த சிறுவனின் கதை உலகெங்கும் பள்ளிகளில் படிக்கப்பட்டது. வதைமுகாமின் கம்பிவேலிக்கு இருபுறமும் அமர்ந்து இரு சிறுவர் நட்புக் கொள்வதாக அமைந்தது அக்கதை. முகாம்களுக்கு வந்த சிறு குழந்தைகளுள் பெரும்பாலோர் வந்த அன்றே கொல்லப்பட்டனர் என்பதே வரலாறு. அவ்வரலாற்றைக் கற்போர் இந்நூலைத் தவிர்த்தல் நன்று என்று ஆஷ்விட்ஸ் நினைவகமே 2020இல் அறிவித்தது. இரக்கம் உண்மையின் இடத்தைப் பிடித்துக்கொள்ளலாகாது என்பது இதனாற் பெறப்படும்.

நம் கரையின் சான்று: அண்ட்ரிக் அடிகளார்

ஐரோப்பாவை விட்டு நம் கரைக்கு வருவோம். தமிழ்த்துறை மாணவர் ஒவ்வொருவரும் அறிந்த பெயர் அண்ட்ரிக் அடிகளார். 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்', 1579இல் கொச்சியில் அச்சான 'கிரிசித்தியானி வணக்கம்', 1586இல் வந்த 'அடியார் வரலாறு' ஆகியவற்றால் தமிழ் அச்சுக்கலையின் தந்தை எனப் போற்றப்படுபவர். ஐரோப்பியர்க்கெனத் தமிழ் இலக்கணமும் எழுதியவர். 1547 முதல் முத்துக்குளித்துறையில் வாழ்ந்து, பரதவர் ஊர்களில் அரை நூற்றாண்டு பணியாற்றி, 1600இல் மறைந்தார். 1530களில் கத்தோலிக்க நெறியைத் தழுவிய இக்கரையின் ஊர்களுள் பெரியதாழையும் ஒன்றாதலின், இவர் வரலாறு இவ்வூரின் வரலாறும் ஆகும்.

இவரைப் பற்றி நம் பாடநூல்கள் பெரும்பாலும் சொல்லாத செய்தி ஒன்றுண்டு. போர்த்துக்கல் நாட்டின் விலா விசோசாவில் 1520இல் பிறந்த என்றீக்கே என்றீக்கசு, யூத முன்னோர் வழிவந்தவர். போர்த்துக்கல் மன்னர் 1496இல் யூதர் வெளியேற வேண்டுமென ஆணையிட்டு, 1497இல் அவர்களைக் கட்டாயமாகச் சமயம் மாற்றினார். அவ்வாறு மாறியோரும் அவர்தம் வழித்தோன்றல்களும் 'புதிய கிறித்தவர்' எனப்பட்டனர். தலைமுறைகள் கடந்தும் அப்பெயர் அவர்களை விட்டு நீங்கவில்லை. என்றீக்கசு முதலில் பிரான்சிசுகன் சபையிற் சேர்ந்தார். அவர் குருதியில் யூதக் கலப்பு உண்டு என்பதனால் அங்கிருந்து விலக்கப்பட்டார். பின்னரே 1545இல் இயேசு சபையிற் சேர்ந்து, அடுத்த ஆண்டு இந்தியாவுக்குக் கப்பலேறினார்.

இதனை ஒரு சிறுவர் கதைக்குரிய நிகழ்ச்சியாக எண்ணிப் பார்ப்போம். தன் நாட்டில், தன் சமயத்தவரிடையே, பாட்டன் பெயரால் ஒதுக்கப்பட்ட இளைஞன் ஒருவன் கடல் கடந்து வருகிறான். புன்னைக்காயலிலும் தூத்துக்குடியிலும் அவனைச் சூழ்ந்த பரதவர் அவனுடைய குருதியை ஆராயவில்லை. அவன் தமிழ் பேசத் தட்டுத்தடுமாறியபோது திருத்தினர். அவன் நூல்கள் அச்சாவதற்குப் பொருளும் அளித்தனர். சவேரியாரும் தம் மடலில் அவருடைய தமிழ்ப் புலமையையும், மக்கள் அவர்மீது கொண்ட அன்பையும் பாராட்டியுள்ளார். தமிழின் முதல் அச்சு நூல்களுக்குப் பின்னால் யூத வெறுப்பால் காயம்பட்ட ஒரு மனிதர் இருந்தார் என்பதை அறியும் மாணவர், இப்பொருள் எங்கோ ஐரோப்பாவின் செய்தி என்று இனிச் சொல்லமாட்டார்.

இக்கரைக்கும் யூதர்தம் பழைய மொழிக்கும் இன்னோர் உறவும் பேசப்படுவதுண்டு. பெரியதாழைக்கு மேற்கே அதிகத் தொலைவில் இல்லாத இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், எபிரேய வேதத்தில் சாலமோன் மன்னருக்குக் கப்பலில் வந்த மயிலைக் குறிக்கும் சொல், தமிழின் 'தோகை' என்பதிலிருந்து பிறந்தது என்று 1856இல் தம் ஒப்பிலக்கணத்தில் கருத்துரைத்தார்.

இரு சாராரையும் சுட்ட ஒரே நெருப்பு

அண்ட்ரிக் அடிகளாரை வருத்திய கோட்பாடு 'தூய குருதி' எனப்படுவது. ஸ்பெயினின் தொலேதோ நகரில் 1449இல் சட்டமாகத் தொடங்கியது. யூதர் வழிவந்தோர்க்கு எதிராக எழுந்த இது பின்னர் முசுலிம் வழிவந்தோரையும் பற்றியது. இயேசு சபையும் 1593இல் யூத வழியினரையும் முசுலிம் வழியினரையும் சேர்த்துக்கொள்ளலாகாது என்று விதித்தது; அவ்விதி முற்றாக நீக்கப்பட்டது 1946இல். 1492இல் ஸ்பெயினிலிருந்து யூதர் வெளியேற்றப்பட்டனர். 1609 முதல் 1614 வரை, சமயம் மாறியிருந்த முசுலிம்களின் வழித்தோன்றல்களும் அவ்வாறே வெளியேற்றப்பட்டனர். அன்று ஸ்பெயினை விட்டு வந்த யூதரை உதுமானியச் சுல்தான் இரண்டாம் பாயசீது தம் நாட்டில் வரவேற்றார்.

அந்நெருப்பு இந்தியாவுக்கும் வந்தது. கோவாவில் சமய விசாரணை மன்றம் 1560இல் அமைந்து, இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, 1812 வரை நிலைத்தது. அப்படி ஒரு மன்றம் வேண்டும் என்று 1546இல் மன்னருக்கு எழுதியவர்களுள் சவேரியாரும் ஒருவர். நோயுற்றோர்க்குத் தொண்டு செய்தவரும், யூத வழிவந்த அண்ட்ரிக்கைப் பாராட்டியவரும் அவரே. ஒருவர் ஒருபுறம் அன்புடையராகவும் மறுபுறம் தம் காலத்தின் வெறுப்பைப் பகிர்ந்துகொண்டவராகவும் இருத்தல் கூடும் என்பதை வரலாறு காட்டுகிறது. நம் நாட்டு மூலிகைகளைப் பற்றி 1563இல் கோவாவில் நூல் அச்சிட்ட மருத்துவர் கார்சியா த ஓர்த்தாவும் யூத வழியினர். அவர் 1568இல் இறந்தார். மறு ஆண்டே அவர் தங்கை கத்தரீனா உயிருடன் எரிக்கப்பட்டார். 1580இல் ஓர்த்தாவின் எலும்புகள் தோண்டியெடுத்து எரிக்கப்பட்டன.

இதன் மறுபக்கத்தையும் சொல்லுதல் கடன். மலபார்க் கரையில் சேர மன்னர் பாசுகர இரவிவர்மர் ஏறத்தாழ 1000ஆம் ஆண்டில் சோசப்பு இரப்பான் என்னும் யூதத் தலைவருக்குச் செப்பேடு வழங்கி உரிமைகள் பலவற்றை அளித்தார். கொச்சி அரசர் தம் அரண்மனையை அடுத்தே இடந்தர, 1568இல் பரதேசி யூதர் தொழுகைக்கூடம் எழுந்தது. அதே மலபாரில், 1524இல் கொடுங்கல்லூரில் முசுலிம்கள் யூதரைத் தாக்கினர். இதனை எழுதிவைத்தவர் அயலார் அல்லர். 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' இயற்றிய ஷைகு ஜைனுத்தீன் மக்தூம் அவர்களே. தம் சமுதாயத்தார் செய்ததையும் மறைக்காது எழுதிய அந்நேர்மை வரலாறு எழுதுவோர்க்கு இலக்கணம்.

கண்ணாடியில் நம் முகம்

யூதரைப் பற்றிய கதைவார்ப்பு எத்தகையது என்பதை நாம் எளிதில் உணரலாம்; நம்மைப் பற்றியும் அத்தகைய வார்ப்பு ஒன்று உண்டு. 1530களில் இக்கரையில் முத்துக்குளிப்பின் ஆதாயம் குறித்துப் பரதவர்க்கும் முசுலிம்களுக்கும் பூசல் எழுந்தது. பரதவர் போர்த்துக்கீசியரின் துணையை நாடினர். 1538இல் வேதாளையில் நடந்த போரில் போர்த்துக்கீசியர் மரைக்காயர் கடற்படையை வென்றனர். கடல், முத்து, வரி, வாணிகம் ஆகியவற்றின் மீது எழுந்த போட்டி இது. ஆனால் அன்றைய ஐரோப்பிய மடல்களில் 'மூர்' எனப்பட்டவர் ஒரு குணத்தினராகவே, வஞ்சகராகவும் பேராசையினராகவும், காட்டப்பட்டனர். யார்க்கில் கடன் பத்திரம் எவ்வாறு சமயப் பகையாக உருமாறியதோ, இங்கே முத்துச் சிப்பியும் அவ்வாறே உருமாறியது. வரலாற்றுக் கதைகளிலும் திரைப்படங்களிலும் முசுலிம் என்றால் வாளேந்திய கொள்ளையன் என்னும் உருவத்தைக் கண்டு நாம் வருந்துகிறோம். நம் பிள்ளைகள் வகுப்பறையில் தலைகுனிகின்றனர். அவ்வருத்தம் நியாயமானதே. அது நியாயமாயின், மற்றோர் இனத்தார் மீது அதே வார்ப்பை நாம் பயன்படுத்துதல் நியாயமாகாது.

ஈண்டு நம் சமுதாயப் பெரியோர்க்குப் பணிவுடன் சொல்லவேண்டுவது ஒன்றுண்டு. நம் மேடைகளிலும் ஏடுகளிலும் 'யூதச் சதி' என்னும் தொடர் எளிதாக வந்துவிடுகிறது. யூதப் பெரியோர் உலகை ஆளத் திட்டமிட்ட இரகசியக் குறிப்புகள் என்று 1903இல் உருசியாவில் வெளியான ஆவணம் அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவதுண்டு. அது ஒரு போலி. பிரெஞ்சுக்காரர் ஒருவர் 1864இல் வேறொரு பொருள்பற்றி எழுதிய நூலிலிருந்து திருடித் தொகுக்கப்பட்டது என்பதை இலண்டன் டைம்ஸ் நாளிதழ் 1921இலேயே மெய்ப்பித்தது. எவர் சொன்னாலும் மெய்யை ஆராய்ந்து காண்பதே அறிவு என்று குறள் வகுத்த வழியில் நிற்கும் நாம், போலியைப் பிள்ளைகளுக்கு வரலாறாகத் தருதல் தகாது.

பாலத்தீன மக்கள் தம் நிலத்தையும் உயிரையும் இழந்து படும் துன்பம் நம் நெஞ்சைச் சுடுவது. அதற்குக் காரணமான அரசின் செயல்களைக் கண்டிப்பது வேறு. ஒரு மக்களினம் முழுவதையும் பிறவியிலேயே தீயதெனக் குழந்தைக்குக் கற்பிப்பது வேறு. முன்னது நீதிக்கான குரல். பின்னது நீதிக்கே பகை. ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகைமை நம்மை நீதியினின்று வழுவச் செய்யலாகாது என்பது திருமறையின் போதனை. யூதர் ஒருவரின் சவம் கடந்து சென்றபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எழுந்து நின்றதையும், காரணம் கேட்டோரிடம் அதுவும் ஓர் உயிரன்றோ எனும் பொருள்பட விடையளித்ததையும் நபிமொழித் தொகுப்புகள் கூறுகின்றன. கத்தோலிக்கத் திருச்சபையும், இயேசுவின் பாடுகளுக்கான பழியை யூதர் அனைவர் மீதும் சுமத்தலாகாது என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் அறிவித்தது. இவ்விரு நெறியினரும் அடுத்தடுத்த ஊர்களில் வாழும் கரை இது.

ஆசிரியர்க்கும் எழுதுவோர்க்கும் சில நெறிகள்

இதுகாறும் கண்டவற்றிலிருந்து வகுப்பறைக்குப் பயன்படும் நெறிகள் சிலவற்றைத் தொகுத்துக் கூறலாம்.

முதலாவது, பெயரை மாற்றிப் பார்த்தல். ஒரு கதையில் 'யூதன்' என வரும் இடத்தில் 'முசுலிம்' என்றோ, 'பரதவர்' என்றோ, நம் சாதிப் பெயரையோ இட்டுப் படிக்க வேண்டும். அவ்வாறு படிக்கும்போது மனம் நோகுமாயின், அவ்விடம் முதலிலேயே நோகத்தக்கதாக இருந்தது என அறியலாம்.

இரண்டாவது, தொழிலின் காரணத்தைக் கேட்டல். இவர் ஏன் வட்டிக்குக் கொடுக்கிறார், வேறு தொழில் செய்ய இவரை விட்டார்களா என்னும் வினாக்களை மாணவர் எழுப்பப் பழக்க வேண்டும். காரணம் தெரிந்த இடத்தில் ஒரு குணத்தை இனத்தின் பிறவிக்குணம் என்று எண்ணும் மயக்கம் நீங்கும்.

மூன்றாவது, சுருக்கத்தில் விடுபட்டதைத் தேடுதல். ஆண்டுவிழாவில் ஷைலாக் நாடகம் நடத்துவோர், அவன் குமுறும் பேச்சையும் சேர்த்தே நடத்த வேண்டும். வளைந்த மூக்கும் கூனும் ஒட்டி நகைப்பூட்டும் வழக்கத்தைக் கைவிட வேண்டும்.

நான்காவது, இரக்கத்தோடு உண்மையையும் பேணுதல். துன்பப்பட்டோரின் கதையை எழுதுவோர் ஆண்டும் இடமும் நிகழ்ச்சியும் பிழையாது எழுதக் கடமைப்பட்டவர். பிழை கண்டவுடன், நடந்ததே பொய் என்பார்க்கு அது வாய்ப்பாகிவிடும்.

ஐந்தாவது, நம் பக்கத்துத் தவற்றையும் எழுதுதல். தம் இனத்தார் எல்லாரும் நல்லவர், பிறரெல்லாம் தீயவர் என்னும் கதையில் குழந்தை வரலாற்றைக் கற்பதில்லை. ஜைனுத்தீன் மக்தூம் அவர்களின் எழுதுகோல் இதற்கு வழிகாட்டும்.

முடிவுரை

ஷைலாக்கின் சுருக்கம் தொடங்கி டென்மார்க் மீனவர் கதை வரை நோக்கிய வழி, சிறுவர் வரலாற்றுப் புனைகதை யூத வெறுப்பை வளர்த்ததும் உண்டு, அதனைக் களைய முயன்றதும் உண்டு என்பது புலனாயிற்று. வெறுப்புக்கு அதன் இலக்கானவர் அருகில் இருக்க வேண்டுவதில்லை என்பதும், அதன் அடியில் கடனோ முத்தோ மிளகோ போன்ற ஒரு பொருட்காரணம் பல வேளைகளில் மறைந்துகிடக்கும் என்பதும் தெளிவாயின. நம் தமிழ் அச்சின் தொடக்கமே அவ்வெறுப்பால் ஒதுக்கப்பட்ட ஒருவரோடு தொடர்புடையது என்பதும் அறிந்தோம்.

அண்ட்ரிக் அடிகளாரின் வரலாறு சிறுவர்க்குரிய நல்ல தமிழில் எழுதப்பட வேண்டிய கதை. அதனை எழுதுபவர் பெரியதாழையின் பரதவ மாணவராகவும் இருக்கலாம். காயல்பட்டினத்தின் முசுலிம் மாணவியாகவும் இருக்கலாம். இருவரும் சேர்ந்தே எழுதினால் இன்னும் நன்று. பாட்டனின் பெயரால் ஒருவரைத் தள்ளிவைத்த நாட்டையும், தமிழ் பேச வந்தவரைத் தம்மவராகக் கொண்ட கரையையும் அக்கதை நம் பிள்ளைகளுக்குக் காட்டட்டும். மாணவச் செல்வங்கள் அப்பணியில் ஈடுபட வேண்டும் என்பதும், ஆசிரியப் பெருமக்களும் சமுதாயப் பெரியோர்களும் அவர்கட்குத் துணைநிற்க வேண்டும் என்பதும் நம் வேண்டுகோள்.